வாயைத் திறக்காதவர்

ஐம்பத்தெட்டு வயதில் மறுமணம் செய்துகொண்ட தனுஷ்கோடிக்கு, கல்யாணமான ஒன்பதாம் நாள் மத்தியானம் நெஞ்சை அடைத்தது. புது மனைவி ஞானசௌந்தரி, நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையோடு ஓடிவந்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"வாயத் தொறங்க!"

ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் ஆண்மைக்கான மாத்திரை ஒன்றை அவளுக்குத் தெரியாமல் விழுங்கியிருந்தார். இரண்டும் சேர்ந்தால் பிரஷர் சட்டென்று இறங்கி உயிரே போகலாம் என்று டாக்டர் எப்போதோ எச்சரித்திருந்தார். சொல்ல வெட்கம் விடவில்லை. அவள் விரல் உதட்டைப் பிரித்தபோது மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தார்.

"வேணாம். வேற மாத்திர போட்டிருக்கேன்" என்று சட்டைப்பையிலிருந்த அட்டையை நீட்டினார்.

அவள் அதைப் படித்தாள். ஆம்புலன்சுக்குப் போன் போட்டு, அந்தப் பெயரைக் கூசாமல் உரக்கச் சொன்னாள். பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எப்பங்க இதெல்லாம் கேட்டேன்?"