நேரில் வந்தால்தான்

"குடுக்கிறப்போ சத்தம் வரக் கூடாது" என்றோ, "வாங்கறவங்களுக்குச் சத்தம் கேக்கக் கூடாது" என்றோ மனோகரனின் பெரியப்பா ஏதோ சொல்வார். எது சரி என்று யோசிக்க இப்போது நேரமில்லை. கோயில் பந்தலில் சட்டமன்ற உறுப்பினர், அதான் ஒய்.பி., வந்து உட்கார்ந்துவிட்டார். உதவி வாங்க வேண்டிய பிள்ளையைத்தான் காணோம்.

செல்வராணியின் மகள் தேன்மொழிக்கு அபூர்வமான தோல் நோய். பகல் வெளிச்சம் பட்டாலே தோல் வெந்துவிடும். தலை, முகம், கை, கால் எல்லாவற்றையும் மூடும் தனி உடுப்பு ஒன்றை டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். ஆஸ்பத்திரியில் அது கிடையாது. கோயில் சங்கம்தான் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. வந்த நாளிலிருந்து பெட்டி மனோகரனின் காருக்குள்ளேயே கிடந்தது.

மேடையில்தான் கொடுப்பது, அதுவும் நோயாளி நேரில் வந்தால்தான் என்பது செயலாளர் மனோகரன் போட்ட சட்டம். முன்பு ஒருவர் தன் அப்பாவுக்கு என்று சொல்லி சக்கர நாற்காலியை வாங்கிப் போய் விற்றுவிட்டார்.

"கேக்கும்போது மட்டும் ஓடி வந்தாங்க. இப்ப வெத்தல பாக்கு வச்சு அழைக்கணும் போல" என்று தலைவர் கமலநாதன் முணுமுணுத்தார். "நீயே போய்க் கூட்டிட்டு வா லா. ஒய்.பி.க்கு அடுத்து கூலாய்ல விழா இருக்காம்."

செம்பனைத் தோட்டத்து ஓரமாக இருந்த வீட்டின் முன் மனோகரன் காரை நிறுத்தினார். என்ஜினை அணைக்கவில்லை. ஜன்னல்களில் கறுப்பு பிளாஸ்டிக் ஒட்டியிருந்தது. செல்வராணி கதவை ஒருக்களித்துத் திறந்து வெளியே வந்து, சட்டென்று சாத்தினாள்.

அவர் பொரிந்து தள்ளினார். ஊரே காத்துக்கிடக்கிறது, கொடுக்கிறவர்களுக்கு மரியாதை வேண்டாமா, கொஞ்ச நேரம் குடை பிடித்துக்கொண்டு வந்தால் என்ன என்று கேட்டார். போன மாசம் கிளினிக்குக்குக் குடை பிடித்துத்தான் போனோம், கையில் வந்த கொப்பளம் இன்னும் ஆறவில்லை என்றாள் அவள்.

"அப்ப உடுப்பு வேணாமாம்மா?"

"அத வாங்க வர்றதுக்கே அது வேணுமே அண்ணே."

மனோகரன் காருக்குள் இருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அங்கிள், அதப் போட்டுக்கிட்டா ஸ்கூலுக்குப் போலாமா?"

கைப்பேசி அலறியது. கமலநாதன். உடுப்பை இங்கேயே போட்டு அழைத்து வரட்டுமா என்று மனோகரன் கேட்டார். பிரித்த பெட்டியையா ஒய்.பி. கையில் கொடுப்பது என்று தலைவர் எரிந்து விழுந்தார்.

"அப்படியே வந்தாலும் முகத்த மூடியிருந்தா படத்துல யாருன்னு எப்படித் தெரியும்? மேடையில கழட்டிடணும். ஒரே நிமிஷம். பந்தல் நிழல்தானே?"

"சரி தலைவரே. பெட்டியோட வர்றேன்."

பெட்டியைப் பிரித்து உடுப்பை எடுத்துக் கதவிடுக்கில் நீட்டினார். செல்வராணியைப் பிள்ளையோடேயே இருக்கச் சொன்னார். காலிப் பெட்டிக்குள் தன் மழைக்கோட்டை மடித்து வைத்து, பிரித்தது தெரியாதபடி டேப் ஒட்டினார்.

மேடையில் ஒய்.பி. அந்தப் பெட்டியை நீட்டியபோது, மனோகரனே இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.