மூன்றாம் நம்பர் வேன்

ராசாமணியையும் வெள்ளியங்கிரியையும் ஒரே வேனில் ஏற்றியது கம்ப்யூட்டர்தான் என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய மேனகா தயாராக இருந்தாள். மலைமேல் செம்மேட்டு மண்டபத்தில் மணி எட்டே முக்கால். பத்தரைக்கு நிச்சயதார்த்தம்.

ராசாமணி பெண்ணின் அப்பா, வெள்ளியங்கிரி பெண்ணின் தாய்மாமன். இருவரும் பேசி ஒன்பது வருடம் ஆகிறது. அடிவாரத்தில் இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணற்று மோட்டார் யார் முறையில் எரிந்தது என்பதுதான் தகராறு. மோட்டார் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது, கோபம் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

தாய்மாமன் இல்லாமல் தட்டு மாற்ற முடியாது என்பதால் அழைத்திருந்தார்கள். "ரெண்டு பேத்தையும் ஒரே வண்டியில மட்டும் ஏத்திப்போடாத கண்ணு" என்று பெண்ணின் அம்மா பொன்னாயி ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். விசேஷங்களை எடுத்து நடத்தும் மேனகாவுக்கு மலைமேல் இதுதான் முதல் ஆர்டர். இன்றைக்குக் கைகலப்பு நடந்தால் இதுவே கடைசியும்கூட.

இதற்காகவே புது சாஃப்ட்வேர் வாங்கியிருந்தாள். யார் எந்த வேனில், எந்த சீட்டில், எத்தனை மணிக்கு ஏறி எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள் என்று ஒரு எக்ஸெல் ஃபைலை உள்ளே கொடுத்தால் போதும், அதுவே டிரைவர்களின் போனுக்கு லிஸ்ட் அனுப்பிவிடும். ஃபைலைக் கல்யாணப்பெண் அருள்மொழியே உட்கார்ந்து தட்டி அனுப்பியிருந்தாள். பெரியம்மாவுக்கு முட்டிவலி, ஏறி இறங்க வசதியாகக் கதவோரம். மாமா வெள்ளியங்கிரியின் பையன் தரணிதரனுக்கு வளைவில் வாந்தி வரும், முன் சீட். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பொறுப்பான பெண்ணா என்று மேனகா உருகிப் போனாள்.

ஃபைலை ஏற்றியபோது ஒரே ஓர் இடத்தில்தான் சிவப்பு விழுந்தது. பெங்களூரிலிருந்து வந்து, முந்தின நாளே மேலே ரிசார்ட்டில் தங்கிவிட்ட மாப்பிள்ளை வீட்டாருக்குத் திரும்பும் நேரம் காலை பதினொன்று என்று இருந்தது. விருந்தே பன்னிரண்டரைக்குத்தான். மலைப்பாதையின் எழுபது வளைவுக்குப் பதில் ஒரு லிஃப்ட் வைக்கக் கூடாதா என்று கேட்ட ஆட்கள்தான் என்றாலும், அதற்காகச் சாப்பிடாமலா போவார்கள்? படித்த பெண்ணுக்கும் விரல் தவறும் என்று மாலை நான்கு எனத் திருத்தினாள். பச்சை டிக் விழுந்தது. மற்றதை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது பார்த்தபோதுதான் மூன்றாம் நம்பர் வேனில் இரண்டு பெயரும் அடுத்தடுத்து இருந்தன. அலறியடித்துக்கொண்டு டிரைவருக்குப் போன் போட்டாள்.

"சின்னக்கண்ணு அண்ணா, ராசாமணி அய்யாவைப் பின்னால வர்ற வண்டிக்கு மாத்தி விடுங்க."

"எங்கீங்க மாத்தறது? இதுதானுங்க கடைசி வண்டி. பன்னெண்டாவது வளைவு தாண்டியாச்சு."

"உள்ள எப்படி இருக்காங்க?"

"ஒருத்தரு இந்தப் பக்கம் பாக்கறாரு, ஒருத்தரு அந்தப் பக்கம் பாக்கறாரு. முன் சீட்டுத் தம்பிதான் என்னமோ மொணகிக்கிட்டே வாரானுங்க." அதோடு சிக்னல் போனது.

அலங்கார அறையிலிருந்து அருள்மொழி எட்டிப் பார்த்தாள். "வேன் வழியில எங்கயும் நிக்காதில்லக்கா? யாரும் நடுவுல எறங்கிர முடியாதில்ல?"

"முடியாதும்மா" என்றாள் மேனகா. பாவம், எவ்வளவு கனவோடு இருக்கிறதோ இந்தப் பெண் என்று நினைத்தாள்.

பத்து மணிக்கு வேன் வந்து நின்றபோது மேனகா முதலுதவிப் பெட்டியோடு வாசலில் நின்றாள். கதவு திறந்தது. வெள்ளியங்கிரியின் தோளில் கை போட்டபடி ராசாமணி இறங்கினார். பொன்னாயி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நாப்பதாவது வளைவுல பையன் வாந்தி எடுத்தானுங்க" என்றார் ராசாமணி. "எடுத்துப்போட்டு, 'மாமா, அன்னைக்குத் தண்ணி இல்லாத கெணத்துல மோட்டாரை ஓட்டி எரிச்சது நான்தான்'னு ஒரே அழுகை. ஒம்போது வருசமா நாங்க ரெண்டு கெழடும் சும்மா மொறைச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கறமுங்க."

மேனகாவுக்கு சாஃப்ட்வேரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. அந்த பக்தி ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை.

"அறுவதாவது வளைவுல இன்னொண்ணும் பேசி முடிச்சுப்போட்டோம்" என்றார் வெள்ளியங்கிரி. "முறைப் பையன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப, புள்ளைய எதுக்குங்க பெங்களூருக்கு அனுப்பறது?"

"மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க கால்ல நான் உளுந்துக்கறனுங்க" என்றார் ராசாமணி. "நீங்க அவிங்க கீழ எறங்க வேனை மட்டும் பாருங்க."

அவர் விழுந்தார், அவர்கள் குதித்தார்கள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம், இந்த நிமிஷமே கிளம்ப வேண்டும் என்று பெங்களூர்க்காரர்கள் பெட்டிகளோடு வாசலில் வந்து நின்றார்கள். நான்கு மணிக்கு வந்தால் போதும் என்று லிஸ்ட் போயிருந்ததால் வேன்காரர்கள் ஆளுக்கொரு சவாரிக்குப் பறந்திருந்தார்கள். மிச்சமிருந்த மூன்றாம் நம்பர் வேனைச் சின்னக்கண்ணு கழுவிக்கொண்டிருந்தார், அந்த வாந்தி நாற்றத்தில் யாரும் ஏறுவதாக இல்லை.

எல்லாம் தன் கம்ப்யூட்டரால் வந்த வினை. ஒரு பெண்ணின் வாழ்க்கையை எக்ஸெல் ஃபைலில் தொலைத்துவிட்டோமே என்று மேனகா அலங்கார அறைக்குள் போனாள்.

"அருள்மொழி, மனசைத் தேத்திக்கோம்மா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இப்பவே கிளம்பறாங்களாம். வேன் நாலு மணிக்குத்தான் வரும்."

அருள்மொழி கண்ணாடியைப் பார்த்து மல்லிகைச் சரத்தைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்.

"பதினோரு மணின்னு நான் சரியாத்தானேக்கா போட்டிருந்தேன், அதை ஏன் மாத்துனீங்க?"