அழி பட்டன்

"அந்த மிஷினை மாத்தாதீங்க சார். பழையபடி மெதுவாவே இருக்கட்டும்."

படுத்த படுக்கையாகக் கிடக்கிற புருஷன் சீக்கிரம் பேசுவதை எந்தப் பெண்டாட்டியாவது வேண்டாம் என்பாளா? கருவியைச் செய்த இன்ஜினியருக்குச் சந்தேகம் வலுத்தது.

விபத்துக்குப் பிறகு அந்த மனுஷனுக்கு அசைவது கண் இமை மட்டும்தான். தலையில் பொருத்திய கருவி, மனசுக்குள் ஓடும் வார்த்தையைப் படித்துத் திரையில் காட்டும். ஒரு வார்த்தைக்கு ஒரு நிமிஷம் ஆகும். பக்கத்தில் இருப்பவர் 'பேசு' பட்டனை அழுத்தினால் ஸ்பீக்கர் அதைச் சொல்லும். கருவி தப்பாகப் படித்தால் நீக்குவதற்கு 'அழி' என்று இன்னொரு பட்டன். இரண்டும் மனைவி கையில்.

மூன்று மாதத்தில் நூற்றுப் பன்னிரண்டு தடவை அழித்திருந்தாள். எதை அழித்தாள் என்பது கருவியில் இல்லை. எண்ணிக்கை மட்டும் இருந்தது.

அவளுடைய மாமியார் போன வாரமே இன்ஜினியரைத் தனியாகக் கூப்பிட்டுப் புலம்பியிருந்தாள்.

"இவ போன் பண்ணி, அதை எடுக்கப் போய்த்தான் எம்புள்ள வண்டியிலேர்ந்து விழுந்தான். அவளே ஒத்துக்கிட்டா. இப்ப அவன் வாயையும் அடைக்கிறா. இவகிட்ட அவன் உசுரோட இருப்பானா தம்பி? பயமா இருக்கு."

அன்றிலிருந்து இன்ஜினியருக்குச் சோறு இறங்கவில்லை. கையைக்கூடத் தூக்க முடியாதவனை, கதவைச் சாத்திவிட்டு இவள் என்ன பாடுபடுத்துகிறாளோ?

ராப்பகலாக உட்கார்ந்து புதுக் கருவியைச் செய்து எடுத்து வந்துவிட்டான். ஒரே ஆள் சுமந்த மூட்டையை ஆயிரம் பேர் பிரித்துத் தூக்குவது மாதிரி, மனசைப் படிக்கக் கருவி போடும் ஆயிரம் கணக்கும் ஒரே நேரத்தில் நடக்கும் என்று விளக்கினான். நினைத்த மாத்திரத்தில் குரல் வரும், ஒரு சொல் பிசகாது. அந்த வேகத்துக்குப் பட்டன் எதற்கு? இரண்டையும் எடுத்துவிட்டிருந்தான்.

மருமகள் முகம் வெளிறிப்போயிற்று.

"அத்தை, நீங்க கொஞ்ச நேரம் வெளியில இருங்களேன்."

"ஏன், எம்புள்ள பேசுறதை நான் கேக்கக் கூடாதா?"

இன்ஜினியர் புதுக் கருவியைக் கட்டிலில் கிடந்தவன் தலையில் பொருத்தினான். என்ன வரப்போகிறதோ என்ற பயத்தோடு ஸ்விட்சைப் போட்டான்.

"அம்மா," என்றது ஸ்பீக்கர். "அன்னைக்கு உன் போனை எடுக்கப் போய்த்தாம்மா விழுந்தேன்."

மாமியார் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நானா? நான் பண்ணப்ப அவன் எடுக்கவே இல்லையே?"

மருமகள் பாய்ந்து போய் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினாள்.

"புது மிஷின் அத்தை, தப்பாப் படிக்குது. போன் பண்ணது நான்தான்." இன்ஜினியர் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்க சார்."

நூற்றுப் பன்னிரண்டு தடவையும் எதை அழித்தாள் என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. மாமியார் பக்கம் திரும்பினான்.

"ஆமாம்மா, மிஷின் தப்பாப் படிச்சிடுச்சு," என்றான். "அந்த அழி பட்டனை நான் எடுத்திருக்கக் கூடாது."