ஓரத்தில் கொஞ்சம் பச்சை

“பச்சையை எடுத்துட்டீங்க, சரி. கூடவே அந்த ஆளோட காதையும் ஏன் எடுத்தீங்க?”

வகுப்பு சிரித்தது. தையல்காரம்மா கம்ப்யூட்டர் திரையை உற்றுப் பார்த்தார். பச்சைத் துணிக்கு முன்னால் நிற்க வைத்துப் படம் எடுத்த மனிதரை, துணியை மட்டும் நீக்கிவிட்டு ஒரு கடற்கரையில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அதுதான் பாடம். அவர் நிறுத்திய மனிதருக்கு வலது காது இல்லை.

“மறுபடி பண்றேன் சார்.”

“பண்ணுங்க. இன்னொரு காது பாக்கி இருக்கு.”

கிராஃபிக்ஸ் மாஸ்டருக்கு முப்பத்துநாலு வயது. பன்னிரண்டு வருஷமாகப் படங்களுக்கு இந்த வேலையைச் செய்தவர். அந்தப் பன்னிரண்டு வருஷத்தையும் நாளுக்கு ஒரு தடவையாவது சொல்லிக்காட்டுபவர். மற்ற ஏழு மாணவர்களுக்கும் இருபது, இருபத்தொன்று. தையல்காரம்மாவுக்கு நாற்பத்தொன்பது. மத்தியானம் இரண்டு மணி நேரம் கடையைப் பூட்டிவிட்டு, தோளில் அளவு நாடாவோடு அப்படியே வந்துவிடுவார்.

சேர வந்த அன்றைக்கே மாஸ்டர் கேட்டார். “பிள்ளையைச் சேர்க்க வந்தீங்களா?”

“இல்ல சார். நானேதான்.”

“எதுக்கு?”

“கத்துக்கத்தான்.”

வீட்டில் மகளும் விட்டுவைக்கவில்லை. “ஊசியில நூல் கோக்கவே கண்ணாடியைத் தேடறே. உனக்குக் கம்ப்யூட்டர் வேறயா?”

தையல்காரம்மா யாரிடமும் வாய் கொடுக்கவில்லை. மூன்று மாதத்தில் ஒரு வகுப்பைக்கூட விடவில்லை. மவுஸைத் துணி வெட்டும் கத்திரி மாதிரி இறுக்கிப் பிடிப்பார். படத்தில் இருப்பவரின் முடி ஓரத்தில் பச்சை ஒட்டிக்கொண்டே இருக்கும். அதை விரட்டினால் முடியும் சேர்ந்து போகும், மனிதர் மொட்டைத் தலையோடு நிற்பார்.

“துணி வெட்டற மாதிரி நேரா வெட்டிட்டுப் போக முடியாதும்மா இது. கண்ணு வேணும்” என்பார் மாஸ்டர்.

ஒருநாள் வகுப்பில் இருந்த பச்சைத் துணியைத் தையல்காரம்மா வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுருக்கம் போக இஸ்திரி போட்டுக் கொண்டுவந்தார். அன்றைக்கு எல்லாருடைய வேலையும் சுத்தமாக வந்தது. மாஸ்டர் அதைத் தன் கேமரா வெளிச்சத்தின் மகிமை என்று சொல்லிக்கொண்டார்.

கடைசித் தேர்வு வந்தது. ஆளுக்கு ஒரு வீடியோ தாங்களே செய்து கொண்டுவர வேண்டும். எல்லாருடையதையும் பெரிய திரையில் போட்டு, மாஸ்டர் அங்கேயே மார்க் போடுவார். ஏழு பேருக்கும் முடிந்தது.

“தையல்காரம்மா, உங்க அதிசயத்தைக் காட்டுங்க.”

அவர் பென் டிரைவை நீட்டினார். “சத்தம் வேணாம் சார். படத்தை மட்டும் பாருங்க.”

திரையில் கோட்டுப் போட்ட இளைஞன் ஒருவன், கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் வாசலில் நின்று சிரித்துச் சிரித்துப் பேசினான். பின்னால் மரங்கள் ஆடின. மாஸ்டர் பாதியிலேயே நிறுத்தினார். அவருக்கு அன்றைய விருந்து கிடைத்துவிட்டது.

“எல்லாரும் பாருங்க. மூணு மாசம் தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினதுக்குப் பலன் இது. கோட்டு ஓரத்துல பச்சைக் கோடு. தோள்பட்டையைச் சுத்தி பாசி பிடிச்ச மாதிரி இருக்கு. வெயில் இடப்பக்கம், அந்த ஆள் முகத்துல வெளிச்சம் வலப்பக்கம். மரம் பேயாட்டம் ஆடுது, இவன் தலையில ஒரு முடி அசையுதா? காலுக்குக் கீழ நிழலையும் காணோம்.”

பின்வரிசையில் ஒருவன் மேஜையைத் தட்டிச் சிரித்தான். தையல்காரம்மா குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

“திட்டறதுக்கும் நோட்ஸா? யாரு இந்த ஆளு?”

“தெரிஞ்ச பையன் சார்.” அவர் நிமிர்ந்தார். “ஒருவேளை நிஜமாவே அங்க போய் எடுத்திருந்தா இப்படித் தெரியுமா?”

“அம்மா, யாரை ஏமாத்தறீங்க? இவன் அந்தக் கட்டடத்தைக் கண்ணால பார்த்திருக்கக்கூட மாட்டான். ஏதோ ஒரு ரூம்ல, டியூப்லைட்டுக்குக் கீழ நின்னு எடுத்திருக்கான். நான் பன்னெண்டு வருஷமா இதையேதான் பண்றேன். மார்க் பூஜ்யம். அதுக்குக் கீழ போட வழியில்லை.”

“நீங்க சொன்னதை எல்லாம் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தர்றீங்களா சார்?”

“பூஜ்யத்தைக் கேட்டு வாங்கிட்டுப் போற முதல் ஆளு நீங்கதான்.” மாஸ்டர் ஒன்றுவிடாமல் எழுதினார். ‘எள்ளளவும் சந்தேகமில்லை’ என்று கடைசியில் தானாகவே ஒரு வரி சேர்த்து, பயிற்சி நிலையத்தின் முத்திரையையும் ஓங்கிக் குத்தினார்.

தையல்காரம்மா அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் முகத்தில் ஒரு பாரம் இறங்கிய தெளிவு.

“பெயிலானதுல அவ்வளவு நிம்மதியா?” என்றார் மாஸ்டர்.

“இது நான் செஞ்சது இல்ல சார். அடுத்த மாசம் என் பொண்ணைக் கட்டிக்கப்போறவர், வெளிநாட்டுல தன் ஆபீஸ் வாசல்ல நிக்கறேன்னு சொல்லி அனுப்பின வீடியோ. நான் சொன்னா அவ நம்பமாட்டேங்கறா.”