கண் பட்ட கன்னம்

கல்யாணப் பந்தியில், இலையில் பொங்கல் விழுந்த நேரம், மடியில் போன் அதிர்ந்தது.

இரத்தப் பரிசோதனை முடிவு.

திறந்து பார்த்தாள். கல்லீரல் எண்கள் எல்லாம் அளவுக்குள் இருந்தன.

மாத்திரையைக் குறைத்த பிறகும்.

"குறைச்சுப் பாப்போம்மா. ஈரல் மறுபடி கொதிச்சா, பழையபடி முழு டோஸ்தான்" என்று சொல்லியிருந்தார் டாக்டர்.

கொதிக்கவில்லை.

கிருமி இல்லை, குடி இல்லை. அவளுடைய எதிர்ப்பு சக்தியே அவளுடைய ஈரலை அந்நியன் என்று நினைத்து அடித்துக்கொண்டிருந்தது. திருடனே வராத தெருவில், காவல்காரன் வீட்டுக்காரரைப் பிடித்து உதைத்த கதை.

கல்லீரல் என்றதும் சொந்தபந்தம் அவள் கணவனை முகர்ந்து பார்த்தது. அவனோ மோரையே யோசித்துக் குடிக்கிறவன்.

உதையை நிறுத்த ஸ்டீராய்டு. அதற்குக் கூலியாக முகம் பானையாக ஊதிப்போனது. கண்ணாடியில் யாரோ பணக்கார அக்கா நிற்பாள். இவளும் மரியாதையாக ஒதுங்கி வழிவிடுவாள்.

போன வருடம் இன்னொரு கல்யாணத்தில் அந்த முகத்தைப் பார்த்துத்தான் கோமதி அத்தை பூரித்துப் போனாள்.

"இப்பதாம்ளா நல்லா இருக்க. என் கண்ணே பட்டுரும்."

உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டுவிட்டுத்தான் அனுப்பினாள்.

இன்று அதே அத்தை, பக்கத்து இலையில். ஏற இறங்கப் பார்த்தாள். பொங்கலை மறந்தாள்.

"ஏளா, என்னளா இப்படி கன்னம் ஒட்டிப் போயிட்ட? சீக்கு கீக்கு வந்துட்டா? எந்தப் பாவி கண்ணு பட்டுச்சோ!"

இந்த ஒரு வாக்கியத்துக்காக, முகம் வற்ற உப்பைக் குறைத்து, எத்தனை ஊறுகாயை இவள் ஓரம் தள்ளியிருக்கிறாள்!

"உங்க கண்ணுதான் அத்தை. நல்லா இருப்பீங்க."

அத்தை நெஞ்சில் கை வைத்தாள்.

இவள் இன்றைய ஊறுகாயையும் ஓரம் தள்ளினாள். பொங்கலை முடித்துவிட்டு, கைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். காவல்காரன் தூங்குகிறான், அவ்வளவுதான். வேலையை விட்டுப் போய்விடவில்லை.

பிறகு சிரித்தாள்.

இடது கன்னத்தில் குழி விழுந்தது. முகம் ஊதிய நாளிலிருந்து காணாமல் போயிருந்த குழி.

எதிர் வரிசையில் அவள் கணவன். விடிந்ததிலிருந்து "ரிசல்ட் வந்துட்டா, வந்துட்டா" என்று அரித்தெடுத்தவன். வாய்க்குக் கொண்டுபோன வடையை அப்படியே நிறுத்தினான்.

இப்போது கேட்கவில்லை.

வடையை இலையில் வைத்துவிட்டு, மூக்கை உறிஞ்சினான்.

"சட்னில காரம்" என்றான், பக்கத்தில் இருந்தவரிடம்.