ஒரே பெட்டியில் இரண்டு சென்சார்கள்

ஒரு பழைய காரின் ஆக்சிலேட்டர் பெடலுக்குள், ஒரே பெட்டியில், அக்காவும் தங்கையுமாக இரண்டு சென்சார்கள் குடியிருந்தார்கள். கால் எவ்வளவு அழுத்துகிறது என்று இருவரும் தனித்தனியாகக் காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்வார்கள். இரண்டு பேச்சும் ஒத்துப்போனால்தான் அது இன்ஜினுக்கு வேகம் கொடுக்கும்.

அக்கா தேய்ந்துபோனாள். முழுக்க அழுத்தினாலும் பாதிதான் என்பாள். ஒருத்தி பழுதானாலும் பெட்டியோடு இருவரையும் கழற்றிவிடுவார்கள் என்று தங்கைக்குத் தெரியும். அதனால் அக்கா சொன்னதையே அவளும் சொல்லிவந்தாள்.

ஒருநாள் மலைப்பாதையில் கார் ஒரு லாரியை முந்தப் பார்த்தது. எதிரே பஸ் வந்துவிட்டது. ஓட்டிய திலகவதி பெடலை முழுக்க அழுத்தினாள்.

"பாதி," என்றார்கள் இருவரும்.

கார் திணறியது. பின்சீட்டில் பிள்ளைகள் அலறினார்கள். லாரிக்காரர் சட்டென்று பிரேக் போட்டு வழிவிட்டதால் தப்பினார்கள்.

அடுத்த முறை கால் அழுத்தியபோது, "முழுசு," என்றாள் தங்கை.

கம்ப்யூட்டர் குழம்பியது. "யார் சொல்றது சரி?"

"நான் சொல்றதுதான். அக்காவுக்கு முடியலை."

உடனே பழுதைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தது. கார் மெல்ல ஊர்ந்து ஒர்க்‌ஷாப் போய்ச் சேர்ந்தது. மெக்கானிக் பெட்டியைக் கழற்றிப் பழைய சாமான்களோடு போட்டுவிட்டு, புதுசு ஒன்றை மாட்டினார்.

"உனக்கு ஒண்ணுமே இல்லையேடி. என்னால நீயும் வந்துட்டியே," என்று அழுதாள் அக்கா.

"பிள்ளைங்க கத்தினது உனக்குக் கேக்கலையா அக்கா?"

"கேட்டுச்சு. நானே சொல்லியிருக்கணும். பயமா இருந்துச்சு."

"எனக்கும்தான்," என்றாள் தங்கை.

வெளியே கார் கிளம்பியது. திணறல் இல்லை. சத்தம் மறையும்வரை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.