வண்டி மேல் பழி

“மறுபடியும் பெல்ட் வழுக்குது தம்பி.”

போனில் சர்வேயர் சொன்னதும் மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. மூன்று வாரத்தில் மூன்றாவது தடவை. தொழிலுக்கே இழுக்கு.

வண்டி முப்பத்தெட்டு வருடப் பழசு. பாதையே இல்லாத இடத்தில் ஓடுவதற்கென்று செய்தது. கியர் கிடையாது. இன்ஜின் பக்கம் ஒரு கிளட்ச், சக்கரத்துப் பக்கம் ஒரு கிளட்ச், நடுவில் ஒரு ரப்பர் பெல்ட். சர்வேயர் காடு மேடெல்லாம் அளந்தது இதில்தான். ஓய்வு பெற்ற பிறகும் சனிக்கிழமை தவறாமல் குன்றுப் பக்கம் ஒரு சுற்று.

மெக்கானிக் வந்து ஸ்டார்ட் செய்தார். இன்ஜின் ஊரைக் கூட்டியது. வண்டி ஓர் அடி நகரவில்லை.

“முதல் வாரம் பெல்ட் மாத்தினேன். போன வாரம் கிளட்ச் ஸ்பிரிங் மாத்தினேன். இனிமே மாத்தறதுக்கு நான்தான் சார் பாக்கி.”

மூடியைக் கழற்றினார். பெல்ட் எண்ணெயில் குளித்திருந்தது. முகர்ந்து பார்த்தார். இன்ஜின் ஆயில் இல்லை. தையல் மெஷின் எண்ணெய்.

அந்த வீட்டில் தைப்பது ஒரே ஆள்.

கை கழுவும் சாக்கில் உள்ளே போனார். சர்வேயரின் மனைவி தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, மனுஷன் உயிரா வெச்சிருக்கற வண்டி. பெல்ட்ல எண்ணெய் ஊத்த எப்படி மனசு வந்தது?”

மெஷின் நின்றது.

“அவருக்குப் பார்வை மங்கிட்டே வருது தம்பி. போன மாசம் எதிர்ல நடந்து வந்தவர் மயிரிழையில தப்பிச்சாரு. கேட்டா, வெயில் கூசிச்சுன்னு சமாளிக்கறாரு. சாவியைப் பிடுங்கி வெச்சா, உங்களுக்குக் கண்ணு தெரியலைன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி ஆயிடும். வண்டி மேல பழி போயிட்டா அவருக்கு வலிக்காதே. ஆனா இந்த வாரம்...”

“போதும்மா. நான் பார்த்துக்கறேன்.”

மெக்கானிக், சர்வேயர் காத்திருந்த வண்டி ஷெட்டுக்குத் திரும்பினார். பொய் சொல்லிப் பழக்கமில்லை. அதனால் வண்டியைப் பார்த்தே சொன்னார்.

“கிளட்சே தேய்ஞ்சு போச்சு சார். இந்த மாடலுக்கு இனி எங்கேயும் கிடைக்காது. நிறுத்திடறதுதான் நல்லது.”

“அவ சொல்லச் சொன்னாளா?”

மெக்கானிக் வண்டியிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார்.

“கண்ணு போறதும் எனக்குத் தெரியும், அவ எண்ணெய் ஊத்தறதும் தெரியும் தம்பி. நான் வாய்விட்டுச் சொன்னா அவ ஒடிஞ்சு போயிடுவா. வண்டி கெட்டுப்போச்சுன்னே இருக்கட்டும்.”

“அப்புறம் எதுக்கு சார் வாராவாரம் என்னைக் கூப்பிடறீங்க?”

“கூப்பிடலைன்னா, இவருக்கு ஆசையே விட்டுப்போச்சான்னு அவளுக்குச் சந்தேகம் வந்துடுமே.”

மெக்கானிக் பெல்ட்டைத் துடைக்க ஆரம்பித்தார். துணி இரண்டு நனைந்தது.

“அதெல்லாம் சரி சார். அதுக்காக இவ்வளவா ஊத்துவாங்க?”

சர்வேயர் வீட்டுப் பக்கம் ஒரு தடவை காது கொடுத்துக் கேட்டார். மெஷின் ஓடும் சத்தம் வந்தது. குரலைத் தாழ்த்தினார்.

“இந்த வாரம் அவ மறந்துட்டா. நானேதான் ஊத்தினேன். கண்ணு தெரியலையா, அளவு தப்பிடுச்சு.”